கார்-டி செல் சிகிச்சை: '100-ல் 82 பேருக்குப் பலன்' என்றால் 82 பேரும் குணமாகிட்டாங்களா? நிஜ நிலவரம் என்ன?

'ஒரே ஒரு ஊசி... கேன்சர் காலி!' இந்த மாதிரி தலைப்போட ஒரு வீடியோவோ, வாட்ஸ்அப் ஃபார்வேர்டோ உங்க போனுக்கும் வந்திருக்கும். அதில் பெரும்பாலும் பேசப்படுவது கார்-டி செல் சிகிச்சை பற்றித்தான். நோயாளியின் சொந்த ரத்த அணுக்களையே எடுத்து, அவற்றைப் புற்றுநோயை வேட்டையாடும் வீரர்களாக மாற்றி, மறுபடியும் உடம்புக்குள் செலுத்தும் சிகிச்சை இது.

விஷயம் பொய் இல்லை. ஆனா முழு உண்மையும் இல்லை. 'கீமோ கொடுத்தும் கேட்கவில்லை, இனி செய்ய ஒன்றுமில்லை' என்று கைவிடப்பட்ட லிம்போமா நோயாளிகளில் ஒரு பகுதியினர் இந்தச் சிகிச்சையால் 5 வருடம் கடந்தும் நலமாக இருக்கிறார்கள். அதே சிகிச்சை எடுத்தும் சில மாதங்களில் நோய் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம்? எத்தனை பேர்? இதற்கான பதில், ஆய்வுக்கூடத்தைத் தாண்டி, சாதாரண மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களின் 5 ஆண்டு கணக்கில் கிடைத்திருக்கிறது. அந்தக் கணக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல்ல, லிம்போமா என்றால் என்ன?

நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. அதில் பி செல், டி செல் என்று இரண்டு முக்கியப் பிரிவுகள். இந்த அணுக்களில் உருவாகும் புற்றுநோய்தான் லிம்போமா. தமிழில் நிணநீர்ப் புற்றுநோய் என்கிறோம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களில் நெறி கட்டுவது, காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடம்பு நனையும் அளவுக்கு வியர்வை, எடை குறைவது போன்றவை இதன் அறிகுறிகள்.

இதில் பல வகைகள் இருக்கின்றன. வேகமாகப் பரவும் வகைகளில் அதிகம் காணப்படுவது, பெரிய பி செல் லிம்போமா. இதற்கு முதல் சிகிச்சை, ஆர்-சாப் எனப்படும் கீமோ கலவை. இதிலேயே 10 பேரில் சுமார் 6 பேர் குணமாகி விடுகிறார்கள். புற்றுநோய்களில் இது நல்ல கணக்கு.

பிரச்சனை, மீதி 4 பேருக்குத்தான். இவர்களுக்கு மருந்தே வேலை செய்யாமல் போகும், அல்லது குறைந்த நோய் மறுபடி தலைதூக்கும். 'கடினமான லிம்போமா' என்று டாக்டர்கள் சொல்வது இவர்களின் நோயைத்தான்.

கார்-டி வருவதற்கு முன் இவர்கள் நிலை என்ன?

2017-ல் ஸ்காலர்-1 என்ற ஆய்வு வெளியானது. மருந்துக்குக் கட்டுப்படாத பெரிய பி செல் லிம்போமா உள்ள 636 பேரின் விவரங்களை அது அலசியது. வழக்கமான மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, 26% பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. முழுசா மறைந்தது வெறும் 7% பேருக்கு. 2 வருடத்துக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 5-ல் ஒருவர்தான்.

இந்த 7% என்ற எண்ணை மனசுல வச்சுக்கோங்க. கீழே வரப்போகும் எண்களை இதோடு ஒப்பிட்டால்தான் அவற்றின் அருமை புரியும்.

இந்த 'கார்' எப்படி ஓடுது?

இது ரோட்டில் ஓடும் கார் இல்லை. டி செல்லின் மேல் பொருத்தப்படும் ஒரு செயற்கை உணர்கருவியின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துகள் சேர்ந்துதான் 'கார்' ஆனது. இஸ்ரேல் விஞ்ஞானி ஸெலிக் எஷார் இந்த யோசனைக்கு 1980-களின் இறுதியிலேயே அடித்தளம் போட்டார். அமெரிக்காவில் கார்ல் ஜூன், ஸ்டீவன் ரோசன்பெர்க் போன்றவர்களின் குழுக்கள் இதை நோயாளிகள் வரை கொண்டு வந்தன.

சிம்பிளா சொன்னா, 5 கட்டம்:

1. ரத்தத்திலிருந்து பிரித்தல்: நோயாளியின் ரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியாக ஓடவிட்டு, வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து எடுப்பார்கள். சில மணி நேரம் ஆகும்.

2. மாற்றியமைத்தல்: ஆய்வகத்தில், டி செல்லுக்குள் ஒரு புதிய மரபணு செலுத்தப்படும். பி செல்லின் மேல் சிடி19 என்று ஒரு புரதம் இருக்கும். அதை அடையாளம் காணும் 'கண்' இப்போது டி செல்லுக்குக் கிடைத்துவிடும்.

3. பெருக்குதல்: அந்த செல்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து, உறைய வைத்து, மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

4. இடம் ஒதுக்குதல்: புது செல்கள் உடம்பில் தங்கிப் பெருக வசதியாக, சுமார் 3 நாள் கீமோ கொடுப்பார்கள்.

5. செலுத்துதல்: ரத்தம் ஏற்றுவது போலத்தான். இது அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தக் கடைசி அரை மணி நேரத்தை மட்டும் படம் பிடித்தால் 'ஒரே ஊசி' மாதிரிதான் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்கள்தான் உண்மையான சிகிச்சை.

'82%' எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 2017 அக்டோபரில், பெரிய பி செல் லிம்போமாவுக்கான முதல் கார்-டி மருந்தாக எஸ்கார்ட்டா அனுமதி பெற்றது. இதன் மருத்துவப் பெயர் ஆக்ஸி-செல். அதற்கு ஆதாரமாக இருந்தது ஸூமா-1 என்ற மருத்துவப் பரிசோதனை. இதில் சிகிச்சை பெற்ற 101 பேரில் 82% பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 54% பேருக்கு ஸ்கேனில் நோயே தெரியவில்லை. பிற்பாடு 2018 மே மாதம் கிம்ரியா, 2021 பிப்ரவரியில் பிரேயான்ஸி என்று வேறு இரண்டு மருந்துகளும் இதே நோய்க்கு அனுமதி பெற்றன.

இங்கேதான் ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு எல்லாரையும் சேர்த்துக்க மாட்டாங்க. கிட்னி, இதயம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை எல்லாம் ஓரளவு சரியாக இருப்பவர்களைத்தான் தேர்வு செய்வார்கள். ஷோரூமில் சொல்ற மைலேஜ் வேற, நம்ம ஊர் ரோட்டுல கிடைக்கிற மைலேஜ் வேற இல்லையா? அதே கேள்விதான் இங்கேயும். 70 வயது, சர்க்கரை நோய், பலவீனமான கிட்னி என்று நிஜ வாழ்க்கைப் பிரச்சனைகளோடு வரும் நோயாளிக்கு இதே பலன் கிடைக்குமா?

நிஜ மருத்துவமனைகளில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் 17 மருத்துவமனைகள் ஒன்று சேர்ந்து ஒரு கணக்கு எடுத்தன. வழக்கமான சிகிச்சையாக ஆக்ஸி-செல் பெறுவதற்காக வந்தவர்கள் இதில் சேர்க்கப்பட்டார்கள். 2020-ல் வெளியான அதன் முடிவுகள் இவை:

• செல் எடுக்கப்பட்டவர்கள்: 298 பேர்
• உண்மையில் செல் செலுத்தப்பட்டவர்கள்: 275 பேர்
• கட்டி சுருங்கியவர்கள்: 82%
• ஸ்கேனில் நோயே தெரியாதவர்கள்: 64%
• ஒரு வருடம் கழித்து நோய் வளராமல் இருந்தவர்கள்: 47%
• ஒரு வருடம் கழித்து உயிருடன் இருந்தவர்கள்: 68%

இதில் ஆச்சரியம் என்னன்னா, இவர்களில் 43% பேர் மற்ற உடல்நலக் குறைபாடுகளால் ஸூமா-1 பரிசோதனையில் சேரவே தகுதி இல்லாதவர்கள். அப்படியும் பலன் ஏறக்குறைய அதே அளவு. ஷோரூம் மைலேஜ் ரோட்டிலும் கிடைத்தது என்று சொல்லலாம்.

ஒரு விஷயத்தில் ரோட்டில் நிலவரம் இன்னும் மேம்பட்டிருந்தது. உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கான 'சைட்டோகைன் புயல்' ஸூமா-1-ல் 13% பேருக்கு வந்தது. நிஜ மருத்துவமனைகளில் அது 7% ஆகக் குறைந்தது. காரணம், டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள். காத்திருக்காமல், அறிகுறி தெரிந்ததும் டோசிலிசுமாப், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளைச் சீக்கிரமே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அப்போ 82 பேரும் குணமா?

இல்லை. இந்தக் கட்டுரையில் நீங்க ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துட்டுப் போறீங்கன்னா, அது இந்தப் பகுதியா இருக்கட்டும்.

'பலன் கிடைத்தது' என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் தனி அர்த்தம் இருக்கிறது. கட்டி பாதியளவு சுருங்கினாலும் அது 'பலன்' கணக்கில் வந்துவிடும். 'முழுப் பலன்' என்றால், ஸ்கேனில் நோய் தெரியவில்லை. 'குணம்' என்பது அதற்கும் அடுத்த படி. வருடக்கணக்கில் நோய் திரும்பாமல் இருந்தால்தான் அந்த வார்த்தையை டாக்டர்கள் பயன்படுத்துவார்கள்.

அதே 275 பேரை 5 வருடம் தொடர்ந்து கவனித்து 2024-ல் அடுத்த முடிவுகள் வெளியாகின.

• 5 வருடத்தில் நோய் வளராமல், உயிருடன் இருந்தவர்கள்: 29%
• 5 வருடத்தில் உயிருடன் இருந்தவர்கள்: 40%

ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும். 82, 64, 47, 29. முதல் எண்ணை மட்டும் காட்டினால் அது விளம்பரம். கடைசி எண்ணை மட்டும் காட்டினால் அது பயமுறுத்தல். நான்கையும் சேர்த்துக் காட்டுவதுதான் நியாயம்.

இந்த 29%-ஐக் குறைவு என்று நினைக்க வேண்டாம். மேலே பார்த்த 7% நினைவிருக்கா? வழக்கமான மருந்துகளில் கட்டி தற்காலிகமாக மறைந்தவர்களே அவ்வளவுதான். இங்கே 5 வருடம் கழித்தும் 100-க்கு 29 பேர் நோய் வளராமல் இருக்கிறார்கள். இரண்டு ஆய்விலும் இருந்த நோயாளிகள் அச்சு அசலாக ஒரே மாதிரியானவர்கள் இல்லை என்பதால் நேரடியாகக் கழித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் திசை தெளிவாகவே தெரிகிறது. ஸூமா-1 பரிசோதனையிலும் 5 வருடத்தில் உயிருடன் இருந்தவர்கள் சுமார் 43%. நிஜ உலகின் 40%-க்கு அது மிக அருகில்தான்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. நோய் திரும்பினால் பெரும்பாலும் ஆரம்ப மாதங்களிலேயே திரும்பிவிடுகிறது. வருடங்கள் கழித்துத் திரும்புவது அரிது. அதனால், முதல் 2 வருடத்தைத் தாண்டியவர்களின் நம்பிக்கைக்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

கணக்கில் விட்டுப்போகும் 23 பேர்

298-க்கும் 275-க்கும் நடுவே 23 பேர் இருக்கிறார்கள். செல் எடுக்கப்பட்டது. ஆனால் திரும்பச் செலுத்தப்படவில்லை. செல் தயாராகும் வாரங்களில் வேகமான லிம்போமா காத்திருக்காது. சிலருக்கு அதற்குள் நோய் முற்றிவிடும், தொற்று வந்துவிடும்.

பெரும்பாலான தலைப்புச் செய்திகளில் வரும் சதவீதம், செல் செலுத்தப்பட்டவர்களை மட்டும் வைத்துப் போடப்பட்டது. சிகிச்சைக்குக் கிளம்பிய எல்லாரையும் சேர்த்தால் எண் கொஞ்சம் குறையும். அந்தப் பெரிய மையங்களுக்கு வந்து சேரவே முடியாதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு புதிய சிகிச்சையின் 'நிஜ உலக' எண்ணிக்கையைப் படிக்கும்போது, 'எங்கிருந்து எண்ண ஆரம்பித்தார்கள்?' என்று கேட்பது நல்ல பழக்கம்.

காத்திருக்கும் வாரங்களில் நோயைக் கட்டுப்படுத்தக் கொடுக்கப்படும் சிகிச்சைக்கு 'பிரிட்ஜிங்' என்று பெயர். அக்கரை சேரும் வரைக்குமான பாலம். அந்த 17 மருத்துவமனை ஆய்விலும் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது தேவைப்பட்டது.

யாருக்கு நல்லா வேலை செய்யுது?

நிஜ உலகத் தரவு சொன்ன முக்கியமான பாடங்களில் ஒன்று, வயது மட்டுமே தடை இல்லை என்பது. 65 வயது தாண்டியவர்களுக்கும் பலன் கிடைத்தது.

முடிவை அதிகம் பாதித்தவை வேறு இரண்டு விஷயங்கள்:

• நோயாளியின் பொதுவான உடல் நிலை: தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, பெரும்பாலான நேரம் படுக்கையிலேயே இருக்கிறாரா?

• எல்டிஹெச் என்ற ரத்தப் பரிசோதனை அளவு: இது உடம்பில் நோயின் சுமையும் வேகமும் எவ்வளவு என்று காட்டும். அளவு கூடுதலாக இருந்தால் பலன் நீடிக்கும் வாய்ப்பு குறைவு.

அதாவது, உடம்பு ரொம்பத் தளர்ந்து, நோய் ரொம்ப முற்றிய பிறகு கடைசி ஆயுதமாகப் பயன்படுத்தினால் பலன் குறைகிறது. அப்போ முன்கூட்டியே கொடுத்தால் என்ன? இதற்கு விடை தேடியதுதான் ஸூமா-7 பரிசோதனை. முதல் கீமோவுக்கு நோய் கட்டுப்படாத, அல்லது அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பிய 359 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே கார்-டி. மற்றொரு குழுவுக்கு வழக்கமான இரண்டாவது கீமோ, அது கேட்டால் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. 4 வருடம் கழித்து உயிருடன் இருந்தவர்கள் முதல் குழுவில் சுமார் 55%, இரண்டாவது குழுவில் 46%. 2022-ல் இருந்து அமெரிக்காவில் இரண்டாவது கட்டத்திலேயே இதைக் கொடுக்க அனுமதி இருக்கிறது.

எல்லா கார்-டியும் ஒண்ணுதானா?

இல்லை. பிரான்ஸ் நாட்டுப் பதிவேட்டை வைத்து 2022-ல் ஒரு ஒப்பீடு வெளியானது. ஆக்ஸி-செல் எடுத்த 209 பேர், கிம்ரியா எடுத்த 209 பேர். இரு பக்கமும் நோயின் நிலை ஒத்துப்போகும்படி தேர்வு செய்தார்கள். ஒரு வருடத்தில் நோய் வளராமல் இருந்தவர்கள் முதல் மருந்தில் சுமார் 47%, இரண்டாவதில் 33%. ஆனால் பக்கவிளைவுகளும், குறிப்பாக நரம்பு மண்டல பாதிப்பும், முதல் மருந்தில்தான் அதிகம்.

சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்த பரிசோதனை இல்லை இது. எனவே இதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. அதிக வீரியம் வேண்டுமா, குறைவான ஆபத்து வேண்டுமா என்ற தேர்வு நோயாளிக்கு நோயாளி மாறும். பலவீனமான முதியவருக்கும் திடமான இளைஞருக்கும் ஒரே பதில் இருக்காது.

பக்கவிளைவுகள் என்னென்ன?

1. சைட்டோகைன் புயல்: செலுத்தப்பட்ட செல்கள் சண்டையில் இறங்கும்போது உடம்பு முழுக்க அழற்சி கிளம்பும். கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் குறைவது, மூச்சுத் திணறல் வரலாம். பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும்.

2. நரம்பு மண்டல பாதிப்பு: குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், சிலருக்கு வலிப்பு. அமெரிக்க நிஜ உலக ஆய்வில் 31% பேருக்கு இது தீவிரமாக வந்தது. சிறிய எண் இல்லை இது. பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், ஆனால் அந்த நாட்களில் நெருக்கமான கண்காணிப்பு கட்டாயம்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை ரொம்ப எளிமையானது. நர்ஸ் தினமும் வந்து சில கேள்விகள் கேட்பார். இது எந்த வருடம், எந்த மாதம், எந்த ஊர்? கையில் இருக்கும் மூன்று பொருளின் பெயர் என்ன? 100-லிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள். நேற்று நேராக எழுதியவரின் கையெழுத்து இன்று கோணினால், அதுவே எச்சரிக்கை மணி. பல கோடி ரூபாய் சிகிச்சையில் ஒரு பேனாவும் பேப்பரும் உயிர் காக்கும் கருவி!

3. தொற்று: சிடி19 புரதம் கெட்ட பி செல்லில் மட்டும் இல்லை, நல்ல பி செல்லிலும் இருக்கிறது. புது செல்கள் இரண்டையும் அழித்துவிடும். அதனால் நோய் எதிர்ப்புப் புரதங்களின் அளவு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், குறைந்தே இருக்கும்.

இந்த மூன்றாவது விஷயத்தின் கனம் 5 வருடக் கணக்கில்தான் தெரியவந்தது. அந்த ஆய்வில், லிம்போமா இல்லாமல் வேறு காரணங்களால் இறந்தவர்கள் சுமார் 16%. அதில் பாதிக்கும் மேற்பட்ட மரணங்கள், சிகிச்சை முடிந்து 2 வருடத்துக்குப் பிறகு நடந்தவை. தாமதமாக வந்த இந்த மரணங்களுக்கு முக்கியக் காரணங்கள் தொற்றும், புதிதாக வந்த வேறு புற்றுநோய்களும். 60 வயது தாண்டியவர்களிடம் லிம்போமா திரும்புவது குறைவாக இருந்தது. ஆனால் இந்த வேறு காரண மரணங்கள் அதிகமாக இருந்தன. நோயை ஜெயிச்சாச்சு என்று ஃபாலோ-அப்பை விட்டுவிட முடியாது என்பதுதான் இதன் பொருள்.

கார்-டி சிகிச்சையே புற்றுநோயை உண்டாக்குமா?

2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. கார்-டி எடுத்த சிலருக்கு டி செல்லிலேயே புதிய புற்றுநோய் வந்திருப்பதாக அதில் சொல்லியிருந்தது. உடனே பலருக்கும் பயம் தொற்றிக்கொண்டது.

எண்ணிக்கையைப் பாருங்க. 2023 இறுதி வரை அமெரிக்காவில் 27,000-க்கும் மேற்பட்ட டோஸ்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அதில் பதிவான இத்தகைய டி செல் புற்றுநோய்கள் 22. ஆபத்து உண்மையானது, ஆனால் மிக அரிதானது. 2024-ல் எல்லா கார்-டி மருந்துகளின் லேபிளிலும் இந்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. மருந்துகள் தடை செய்யப்படவில்லை.

டி செல் புற்றுநோயைவிட அதிகம் பார்க்கப்படுவது வேறு வகை. 275 பேரின் 5 வருட ஆய்வில் 24 பேருக்குப் புதிய புற்றுநோய் வந்தது. அதில் 15 பேருக்கு வந்தது எலும்பு மஜ்ஜை சார்ந்த நோய்கள். இவர்கள் எல்லாரும் கார்-டிக்கு முன்பே பல சுற்று கீமோ எடுத்தவர்கள். அந்தக் கீமோக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

இப்போ விதிகள் தளர்ந்தது ஏன்?

ஆரம்பத்தில் அமெரிக்காவில் சிகிச்சை பெற்றவர்கள் 4 வாரம் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்க வேண்டும், 8 வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்று விதி இருந்தது. 2025 ஜூனில் எஃப்டிஏ இரண்டையும் 2 வாரமாகக் குறைத்தது. மருத்துவமனைகளுக்கான சிறப்புக் கண்காணிப்புத் திட்டத்தையும் நீக்கியது. ஆயிரக்கணக்கான நிஜ நோயாளிகளின் அனுபவத்தில், ஆபத்தான பக்கவிளைவுகள் பெரும்பாலும் முதல் 2 வாரத்துக்குள்ளேயே வந்துவிடுவது தெரிந்ததுதான் இதற்கு அடிப்படை.

கேட்க சின்ன மாற்றம்தான். ஆனால் ஊரை விட்டு, வேலையை விட்டு, வாடகைக்கு ரூம் எடுத்து ஒரு மாதம் துணைக்கு இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி. நிஜ உலகத் தரவு ஒரு விதியையே மாற்றியதற்கு இது நல்ல உதாரணம்.

இந்தியாவில் என்ன நிலை?

எஸ்கார்ட்டா அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் விலை 3,73,000 டாலர். இந்திய மதிப்பில் 3 கோடி ரூபாய்க்கும் மேல். மருத்துவமனைச் செலவு தனி.

இந்த நிலையில்தான் ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதை மும்பையில் தொடங்கி வைத்தார். இதன் விலை வெளிநாட்டு விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் பேசப்படுகிறது. 2025 ஜனவரியில் பெங்களூருவின் இம்யூனீல் நிறுவனம் கார்டெமி என்ற மருந்தை அறிமுகம் செய்தது.

நெக்ஸ்கார்19 பரிசோதனை முடிவுகள் 2025 மார்ச்சில் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்தன. லிம்போமா, லுகேமியா இரண்டு வகையினரும் சேர்த்து 64 நோயாளிகள். பலன் கிடைத்தது 73% பேருக்கு. தீவிர சைட்டோகைன் புயல் 5% பேருக்குத்தான். அதே சமயம் சிகிச்சை தொடர்பான 2 மரணங்களும் பதிவாயின. பலருக்கும் பலன் சில மாதங்களே நீடித்தது. இங்கேயும் '73%' என்பது பலன் பெற்றவர்கள் எண்ணிக்கை. குணமானவர்கள் எண்ணிக்கை என்று படிக்கக் கூடாது.

தமிழ்நாட்டிலும் ஒரு முக்கிய முயற்சி நடந்திருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை, ஐசிஎம்ஆர் ஆதரவுடன், செல்களை மருத்துவமனைக்குள்ளேயே தயாரிக்கும் வெல்கார்ட் பரிசோதனையை நடத்தியது. சுமார் 9 நாட்களில் செல் தயார். மேலே பார்த்த 'காத்திருக்கும் வாரங்கள்' பிரச்சனைக்கு இது நேரடியான பதில். 2025-ல் வெளியான முடிவுகளின்படி, லுகேமியா நோயாளிகள் அனைவருக்கும், பெரிய பி செல் லிம்போமா நோயாளிகளில் பாதிப் பேருக்கும் நோய் மறைந்தது. சராசரியாக 15 மாதக் கண்காணிப்பில் 80% பேர் புற்றுநோய் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் மொத்தம் 10 பேர் மட்டுமே பங்கேற்ற மிகச் சிறிய பரிசோதனை இது. அதாவது 80% என்றால் 8 பேர். நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

இந்தியாவுக்கு இப்போ தேவைப்படுவது, அமெரிக்காவும் பிரான்ஸும் செய்த அதே வேலை. இங்கே சிகிச்சை பெறும் ஒவ்வொருவரின் விவரத்தையும் பதிவேட்டில் ஏற்றி, 5 வருடம் தொடர்ந்து பார்ப்பது. காசநோய் போன்ற தொற்றுகள் அதிகமுள்ள நாட்டில், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை வெளிநாட்டுத் தரவு நமக்குச் சொல்லாது. நாமே எண்ணினால்தான் தெரியும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால், இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துட்டுப் போங்க:

• எங்களுக்கு இருக்கும் லிம்போமா வகைக்கு இது அனுமதிக்கப்பட்டதா?
• செல் எடுப்பதிலிருந்து செலுத்துவது வரை எத்தனை நாள் ஆகும்? அதுவரை நோயைக் கட்டுப்படுத்த என்ன வழி?
• நீங்கள் சொல்லும் சதவீதம் 'பலன்' கணக்கா, ஒரு வருடத்துக்குப் பிறகும் நோய் இல்லாதவர்கள் கணக்கா?
• இந்த மருத்துவமனையில் இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்?
• மருந்து விலை போக ஐசியு, ரத்தம், தொற்று மருந்துகள், பிற்பாடு தேவைப்படும் இம்யூனோகுளோபுலின் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
• இன்சூரன்ஸில் எவ்வளவு கிடைக்கும்? இதை நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகவே கேட்டு வாங்குங்க.
• இது கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன? 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளோஃபிடமாப், எப்கோரிடமாப் போன்ற ரெடிமேட் ஆன்டிபாடி மருந்துகள் நமக்குப் பொருந்துமா?

கடைசிக் கேள்வி சங்கடமானதுதான். ஆனால் நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று ஒரு சிகிச்சைக்குள் இறங்கும் குடும்பத்துக்கு, அந்தப் பதில் முன்கூட்டியே தெரிந்திருப்பது அவசியம்.

10 வருடத்துக்கு முன்பு இந்த நோயாளிகளிடம் டாக்டர்கள் பேசியது மாதக் கணக்கில். இன்று சிலரிடமாவது வருடக் கணக்கில் பேச முடிகிறது. அடுத்த முறை 'கேன்சர் காலி' என்று ஒரு ஃபார்வேர்டு வந்தால், அதில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதோடு, எத்தனை வருடத்துக்குப் பிறகு எடுத்த கணக்கு அது என்றும் பாருங்க.

(குறிப்பு: இது பொதுவான தகவலுக்கான கட்டுரை மட்டுமே. சிகிச்சை குறித்த எந்த முடிவையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரின் ஆலோசனையுடன் எடுக்கவும்.)